ரெண்டும் பொண்ணுன்னு சொல்லி வித்த எலி, இன்னிக்குக் காலைல பதினோரு குட்டி

தெப்பக்குளத்துக்காரி | மதுரை | ஏப்ரல் 27, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். கை ஓடல, கால் ஓடல. தப்பா எழுதியிருந்தா பொறுத்துக்குங்க.

பையன் ஏழாவது படிக்கிறான். முழுப் பரீட்சைக்கு ஒழுங்காப் படிக்கணும்னு அவங்க அப்பா முன்கூட்டியே குடுத்த லஞ்சம் ரெண்டு வெள்ளை எலி. ஏப்ரல் 5-ஆம் தேதி வாங்கினோம். கடைக்காரர்கிட்ட நான் மூணு தடவை கேட்டேன், ரெண்டும் பொண்ணுதானேன்னு. "ரெண்டும் பொண்ணுதான்க்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னார். ஒண்ணு முழு வெள்ளை, பேரு பஞ்சு. இன்னொண்ணுக்குத் தலை மட்டும் கறுப்பு, அது கருப்பட்டி. லவ்பேர்ட்ஸ் வச்சிருந்த பழைய கூண்டுலதான் ரெண்டும் இருக்கு.

காலைல ஆறு மணிக்கு வாசல் தெளிக்க எந்திரிச்சேன். கீச் கீச்னு சத்தம். அணில்னு நினைச்சேன். கூண்டுக்குள்ள வச்சிருந்த செருப்பு டப்பாவுக்குள்ள இவரோட பழைய பனியனைத் துண்டு துண்டாக் கிழிச்சுப் போட்டு, அதுக்கு நடுவுல தோல் உரிச்ச பலாக்கொட்டை மாதிரி ரோஸ் கலர்ல நெளியுது. எண்ணினேன், 11. கருப்பட்டி டப்பா வாசல்ல காவல் மாதிரி உக்காந்திருக்கு. அப்பதான் அதை நல்லாத் திருப்பிப் பாத்தேன். பொண்ணு இல்லைங்கிறதுக்கு அத்தாட்சி பின்னாடியே தொங்குது. இத்தனை நாள் எப்படிக் கண்ணுல படாமப் போச்சுன்னு தெரியல.

மாமியார் பிள்ளையார் வாகனம்னு சொல்லி ஒரு துண்டு வெல்லம் வச்சுட்டாங்க. இவர் கடைக்குப் போன் போட்டார். கண்ணு தொறந்ததும் கொண்டாங்க, ஆளுக்கு இருபது ரூபா தர்றேன், ஆரோவானா மீன் வளக்குறவங்க தீனிக்கு வாங்கிப்பாங்கன்னு பதில் வந்துச்சு. பையன் பக்கத்துல நின்னு கேட்டுட்டான். இட்லி அப்படியே கிடக்கு, தொடல.

குட்டியைத் தொடலாமா? பால் ஊத்தணுமா? இடம் மாத்தணுமா? நாங்க நாயைக் கூட்டிட்டுப் போற டாக்டர், எலியெல்லாம் பாக்குறதில்லன்னுட்டார்.


பைபாஸ்_ராஜா | ஏப்ரல் 27, காலை 9.32

கண்ணு தொறக்குறதுக்குள்ள ஒரு வாளித் தண்ணி, சோலி முடிஞ்சது. மனசு வரலன்னா வயக்காட்டுல விட்டுட்டு வாங்க. காசு குடுத்து எலியை வளப்பாங்களா?


பழைய_அனிமல்ஹவுஸ் | வேலூர் | ஏப்ரல் 27, காலை 9.51

முதல்ல ஆம்பளைய வெளிய எடுங்கம்மா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாச்சா? சரி. குட்டி போட்ட எலி ஒரு நாளுக்குள்ளயே மறுபடி பருவத்துக்கு வந்துடும். ஆம்பளை கூடவே இருந்தா, இந்தப் பதினொண்ணும் பால் மறக்கிற நேரத்துல அடுத்த செட் வந்து நிக்கும். நீங்க பாத்தது ஆறு மணிக்கு, போட்டது விடியக்காலையா இருக்கும். அதனால ஏற்கெனவே நடந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. சாதாரணமா எலிக்கு 21-ல இருந்து 23 நாள் சினை. பால் குடுக்கிற தாய்க்குக் கரு ஒட்டுறதே தள்ளிப்போகும், 28, 30 நாள்னு இழுக்கலாம். காலண்டர்ல மே 18-ல இருந்து 28 வரைக்கும் பென்சில்ல கோடு போட்டு வைங்க. ஏப்ரல் 5-ல இருந்து இன்னியோட 22 நாள். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியோ, இல்ல கடைக் கூண்டுலயோ ஆனது இது. அஞ்சு வாரத்துலயே இதுங்க வயசுக்கு வந்துடும், அதனால கடையில ஒண்ணா அடைச்சு வச்சா இப்படித்தான்.

நான் டாக்டர் இல்ல. ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்துல அனிமல் ஹவுஸ் அட்டெண்டரா 27 வருஷம். கூண்டு கழுவுறது, தீனி போடுறது, குட்டி எண்ணுறது. எங்ககிட்ட இருந்ததெல்லாம் விஸ்டார் எலி. அமெரிக்காவுல பிலடெல்பியா விஸ்டார் நிறுவனத்துல 1906-ல ஆரம்பிச்ச வம்சம் அது. பதிவேட்டுல எத்தனை பிரசவம் எழுதியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. அந்த அனுபவத்துல சொல்றேன்: பஞ்சுவுக்கு எல்லாம் தெரியும். நீங்க அவளுக்குத் தீனி, தண்ணி, அமைதி மூணையும் குடுத்துட்டு ஒதுங்கி நிக்கணும். அவ்வளவுதான் உங்க வேலை.

பால் ஊத்தவே ஊத்தாதீங்க. அவளுக்குக் காம்பு 12, குட்டி 11. கணக்கு சரியா இருக்கு. சாயங்காலம் ஒரு துண்டு அவிச்ச முட்டையைக் காட்டி அவளை வெளிய வரவச்சுட்டு, கூண்டுல கிடக்கிற காகிதத் துண்டை ரெண்டு கையிலயும் தேய்ச்சுக்கிட்டு குட்டிகளைப் பாருங்க. மனுஷக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்கிறது சும்மா பேச்சு, ஆனாலும் முதல் நாள் வாசனை விஷயத்துல கொஞ்சம் மரியாதையா இருக்கலாம். வயித்துக்கு இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழ, தோல் வழியா வெள்ளையா ஒரு பட்டை தெரியும். அதுதான் பால் நிறைஞ்ச இரைப்பை. பட்டை இருந்தா குடிச்சிருக்குன்னு அர்த்தம். செத்தது ஏதும் இருந்தா எடுத்துடுங்க. ஒரு நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டுப் போய்டுங்க.

அவளுக்குத் தீனி இப்ப ரெண்டு பங்கு. கடையில குடுத்த தானியக் கலவை மட்டும் போதாது. உப்பு, காரம் இல்லாம வேகவச்ச துவரம்பருப்பு, தினம் கால் முட்டை, ராகிக் களி ஒரு உருண்டை, கிடைச்சா ஒரு விரல் அளவு வெந்த கோழி. மாமியார்கிட்ட வெல்லம் மட்டும் வேணாம்னு பக்குவமா சொல்லுங்க. தண்ணிக்கு உருண்டை வச்ச குழாய் பாட்டில். பால் குடுக்கிறவ எவ்வளவு குடிப்பான்னு பாத்தா அசந்துடுவீங்க. கிண்ணத்துல தண்ணி வைக்காதீங்க, குட்டி விழுந்துடும்.

படுக்கைக்கு டிஷ்யூ பேப்பர், மை குறைவான காகிதத்தை நீளநீளமாக் கிழிச்சது. மரக்கடைத் தூள் வேணாம், அந்தத் தூசியும் பிசின் வாசனையும் எலி நுரையீரலுக்கு ஆகாது. நாங்க ஆட்டோகிளேவ்ல, அதாவது நீராவியால கிருமியைக் கொல்ற மெஷின்ல, வச்சு எடுத்த நெல் உமி போடுவோம், வீட்டுல அந்த வசதி இருக்காது. முக்கியமா பஞ்சு வைக்காதீங்க. உங்க பஞ்சுவைச் சொல்லல, இலவம்பஞ்சு, மருந்துக்கடைப் பஞ்சு. நூல் பிரிஞ்சு குட்டிக் காலைச் சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும். அந்தப் பனியன்லயும் நூல் பிரியுதான்னு பாருங்க.

இன்னொண்ணு, எறும்பு. பாலும் முட்டையும் இருக்கிற இடத்துக்கு எப்படியும் வரும், பிறந்த குட்டியைச் சும்மா விடாது. கூண்டை ஒரு ஸ்டூல் மேல வச்சு, ஸ்டூலோட நாலு காலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க, அந்தக் காலத்துல பலகாரத் தூக்கை வச்ச மாதிரி. எறும்பு சாக்பீஸ், பெனாயில், அந்துருண்டை எதுவும் அந்த ரூம் பக்கமே வரக்கூடாது.

லவ்பேர்ட்ஸ் கூண்டுக் கம்பி இடைவெளி குட்டிக்கு வாசல்படி மாதிரி. இப்ப நகர முடியாது, பரவாயில்ல. பன்னிரண்டாம் நாளுக்குள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி, மூடியை நடுவுல வெட்டிட்டு வெல்ட் மெஷ் கம்பி வலை வச்சு கேபிள் டையால கட்டுங்க.

ராஜா தம்பி, வாளித் தண்ணி கதையைச் சொல்றவங்க யாரும் பக்கத்துல நின்னு பாத்ததில்ல. பிறந்த குட்டிக்கு மூச்சு சீக்கிரம் அடங்காது. ஃப்ரிட்ஜுல வைக்கிறதும் அதே கதைதான். முடிச்சே ஆகணும்னா அது கால்நடை மருத்துவர் கையால நடக்கணும். வயக்காட்டுல விட்டா, நூத்துக்கணக்கான தலைமுறையா கூண்டுல வளர்ந்த வெள்ளை எலியைக் காக்கா பத்து நிமிஷத்துல தூக்கிடும். இது வயல்ல வளை பறிக்கிற வெள்ளெலி இல்ல தம்பி. பேருல இருக்கிற வெள்ளையோட ஒத்துமை முடிஞ்சது.


தெப்பக்குளத்துக்காரி | ஏப்ரல் 27, இரவு 10.20

சார், உங்க முதல் வரியைப் படிச்சதுமே கருப்பட்டியைத் தூக்கி அண்டாவுல போட்டு மேல சல்லடையைக் கவுத்துட்டேன். சாயங்காலம் அவனுக்குத் தனிக் கூண்டு வந்துடுச்சு. சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கான், பாவமா இருக்கு.

பதினொண்ணுக்கும் வெள்ளைப் பட்டை இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் நூல் மாதிரி. அது மத்ததுல பாதிதான். பையன் அதுக்குக் கடுகுன்னு பேர் வச்சுட்டான். பேர் வைக்காதடான்னு சொன்னேன், கேக்கல. ஸ்டூல் காலுக்கு நாலு டவரா வச்சாச்சு. ராத்திரிதான் இட்லி சாப்பிட்டான்.


ஸ்காபரோ_அம்மம்மா | ஏப்ரல் 28, காலை 6.05

தங்கச்சி, நான் கனடாவில ஸ்காபரோ. எங்கட வீட்டிலயும் நாலு வருசத்துக்கு முந்தி இதே கதைதான். மகள் கடையில ஒண்டே ஒண்டுதான் வாங்கினவ. துணைக்கு இன்னொண்டு வாங்குவம் எண்டு கதைச்சுக் கொண்டிருக்க, ஒரு விடியப்புறம் பதின்மூண்டு குட்டி. அண்டைக்கு நான் வீட்டை விட்டுப் போறன் எண்டுதான் நிண்டனான். பிறகு குட்டியளுக்கு இரவு ரெண்டு மணிக்கு எழும்பிப் போய்ப் பாத்ததும் நான்தான்.

ஐயா சொன்னது எல்லாம் சரி. கடுகுக்கு ஒரு வழி சொல்லுறன். கொழுத்த குட்டி அஞ்சாறை எடுத்து, வெதுவெதுப்பான துணி விரிச்ச பெட்டியில கால் மணித்தியாலம் வையுங்கோ. அந்த நேரம் கடுகும் மற்றச் சின்னனுகளும் தாயிட்ட வடிவாய்க் குடிக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம். பெட்டிக்குக் கீழ சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி வையுங்கோ. மதுரை வெயிலுக்கு அது தேவைப்படாதோ தெரியாது!

குட்டியளைக் குடுக்கிறதுக்கு இப்பவே ஆள் தேடுங்கோ. எங்களிட்ட ரெண்டைக் கால்கரியில இருக்கிற மச்சாளின்ர பிள்ளையள் கேட்டவை. பிறகுதான் தெரியும், அல்பேர்ட்டா மாகாணத்தில எலி வளர்க்கிறதே சட்டத்துக்கு மாறு. 1950களில இருந்து எலி இல்லாத மாகாணம் எண்டு அவைக்குப் பெருமை. பல்கலைக்கழகம், மிருகக்காட்சிச்சாலை மாதிரி இடங்கள்தான் வைச்சிருக்கலாம். பிள்ளையள் அழுத அழுகை இன்னும் காதில நிக்குது.


தெப்பக்குளத்துக்காரி | ஏப்ரல் 30, காலை 7.15

பத்துதான் இருக்கு சார்.

டப்பாவை எட்டிப் பாத்தேன். காகிதத்துல ஒரு சின்ன வாலும் பின்னங்காலும் மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பையன் எனக்கு முன்னாடியே பாத்துட்டான். பஞ்சு பக்கத்துல போகவே மாட்டேங்குறான். பேய்ங்கிறான். கடுகு இருக்கு, போனது வேற ஒண்ணு. நேத்து எதிர் வீட்டுல பந்தல் போட்டு மைக் செட்டு கட்டினாங்க, ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் பாட்டு. அதனாலயா?


பழைய_அனிமல்ஹவுஸ் | ஏப்ரல் 30, காலை 8.02

மைக் செட்டாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சத்தம், வெளிச்சம், ஆள் நடமாட்டம் அதிகமானா பயந்துபோன தாய் குட்டியைத் தின்கிறது உண்டு. ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் குட்டி முதல்ல தானாச் செத்திருக்கும், அப்புறம்தான் அவ எடுத்திருப்பா. செத்த உடம்பு கூட்டுல கிடந்து நாறினா மத்த பத்துக்கும் ஆபத்து. காட்டுல அந்த நாத்தத்துக்குப் பாம்பு வரும். பால் குடுத்து இளைச்ச உடம்புக்கு அது புரதமும் கூட. அவளுக்குன்னு துடைப்பமும் முறமும் கிடையாது.

தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க: எங்க இடத்துல ஒரு தாய்க்கு எட்டு குட்டிதான்னு கணக்கு. எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு பால் போனாத்தான் ஆராய்ச்சிக் கணக்கு சரியா வரும்னு மிச்சத்தை எடுத்துடுவாங்க. எடுக்கிற கை என்னுதா இருந்திருக்கு. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத வேணாம். பஞ்சு பேய் இல்ல.

கூண்டு மேல ஒரு கறுப்புத் துணியைப் பாதி மூடுற மாதிரி போடுங்க. மைக் செட்டு இருக்கிற வரைக்கும் வீட்டோட உள் ரூமுக்கு மாத்துங்க. டப்பாவோட அப்படியே தூக்கணும், கூட்டைக் கலைக்காதீங்க.


தெப்பக்குளத்துக்காரி | மே 7, மாலை 5.40

பத்தும் நல்லா இருக்கு!! அஞ்சாம் நாள்லயே தோலுக்கு அடியில நிழல் மாதிரி நிறம் தெரிய ஆரம்பிச்சுது. நாலுக்குத் தலை கறுப்பு, ஆறு முழு வெள்ளை. இப்ப வெல்வெட் துணி மாதிரி முடி. ஸ்காபரோ அக்கா சொன்னபடி கடுகுக்குத் தனிப் பந்தி தினம் மூணு வேளை. சமையல் தராசுல நிறுத்துப் பாத்தோம். மத்ததெல்லாம் 19, 20 கிராம், கடுகு 12. பையன் கணக்கு நோட்டுல பட்டியல் போட்டு எழுதுறான். பள்ளிக்கூட நோட்டுல இவ்வளவு சுத்தமா அவன் எழுதி நான் பாத்ததில்ல.

ஆணா பொண்ணான்னு எப்பப் பாக்கணும் சார்? இந்தத் தடவை நானே பாக்கணும்.


பழைய_அனிமல்ஹவுஸ் | மே 7, இரவு 8.15

இன்னிக்கும் நாளைக்கும்தான் அதுக்கு நல்ல நாள். முடி அடர்த்தியானா மறைஞ்சுடும். குட்டியை உள்ளங்கையில மல்லாத்தி வச்சு வெளிச்சத்துல வயித்தைப் பாருங்க. ரெண்டு ஓரமும் கடுகு அளவுல புள்ளிப் புள்ளியா காம்பு தெரிஞ்சா பொண்ணு. ஆம்பளைக்கு இருக்காது, எலி இனத்துல ஆணுக்குக் காம்பே கிடையாது. அடுத்து வாலுக்குக் கீழ பாருங்க. மூத்திரம் போற இடத்துக்கும் மலம் போற இடத்துக்கும் நடுவுல இடைவெளி பொண்ணுக்குக் கொஞ்சம்தான், பையனுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஒண்ணைத் தனியாப் பாத்தா குழம்பும். ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா பளிச்னு தெரியும்.

பையனுக்கு வால்ல ஸ்கெட்ச் பேனாவால ஒரு வளையம் போடுங்க. அவ நக்கி நக்கி அழிச்சுடுவா, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். வால் நுனியைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க. தோல் உறை மாதிரி உருவிக்கிட்டு வந்துடும், அப்புறம் வளராது.

ஆம்பளைங்களை அஞ்சு வாரம் முடியிறதுக்குள்ள, ஜூன் 1-க்கு முன்னாடி, தாய்கிட்ட இருந்தும் அக்கா தங்கச்சிங்ககிட்ட இருந்தும் பிரிச்சுடுங்க. எலிக்கு உறவுமுறை தெரியாது. அப்பன்கூட விட்டுடலாம். சின்ன வயசுப் பையன்களைப் பெரிய ஆம்பளை பொதுவா ஏத்துக்கும், ஆனா முதல் ஒரு மணி நேரம் பக்கத்துலயே இருந்து பாருங்க.


தெப்பக்குளத்துக்காரி | மே 13, மதியம் 2.30

6 பொண்ணு, 4 பையன். கடுகு பொண்ணு.

கண்ணு மே 11-ஆம் தேதி தொறந்துச்சு, சரியாப் பதினாலாம் நாள். அன்னியிலிருந்து பைத்தியம் பிடிச்ச மாதிரி. வாணல்ல பொரி தெறிக்குமே, அது மாதிரி நின்ன இடத்துல இருந்து துள்ளுதுங்க.

சார் திட்டக்கூடாது. டப் வாங்கியாச்சு, மெஷ் வாங்கியாச்சு, கட்டுறதுக்கு இவருக்கு நேரம் இல்ல. நேத்து ரெண்டு குட்டி கம்பி வழியா இறங்கி அரிசி டிரம்முக்குப் பின்னாடி போய்டுச்சு. டிரம்மை நகத்துனா நசுங்கிடுமோன்னு பயம். பையன்தான் சொன்னான், பஞ்சுவைத் தொறந்து விடும்மான்னு. அவன் பேய்னு சொன்ன அதே பஞ்சு. கதவைச் சாத்திட்டு விட்டோம். மூக்கைத் தரையில வச்சுக்கிட்டு நேரா டிரம்முக்குப் பின்னாடி போனா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒண்ணைக் கழுத்துத் தோலோட கவ்விக்கிட்டு வந்தா. குட்டி காலை மடக்கிக்கிட்டு பொட்டலம் மாதிரி தொங்குது. குட்டி நல்லா வளந்துட்டதால அவ தலையைத் தூக்கித் தூக்கி நடக்குறா. கூண்டுல போட்டுட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பாக்காம ரெண்டாவதுக்குப் போனா. இவர் அதைப் பாத்துட்டு ராத்திரியே டப் மூடியை வெட்டிட்டார்.

இப்ப ரெண்டு சந்தேகம். கத்திரி வெயில், நேத்து மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. பஞ்சு குட்டிகளை விட்டுட்டு ஓரமாத் தனியா மல்லாந்து கிடக்குறா, ஒதுக்கிட்டாளா? கண்ணோரத்துல ரத்தம் காஞ்ச மாதிரி சிவப்பும் இருக்கு.


பழைய_அனிமல்ஹவுஸ் | மே 13, மாலை 4.10

ஒதுக்கல. பத்துப் பிள்ளைங்க மேல ஏறி மிதிச்சா யாரா இருந்தாலும் அஞ்சு நிமிஷம் ஓரமாப் படுக்கத்தான் செய்வாங்க. வெக்கை வேற. எலிக்கு நம்மள மாதிரி உடம்பு வேர்க்காது, முக்கியமா வால் வழியாத்தான் சூட்டை வெளிய விடும். எங்க ரூம் வருஷம் பூரா 22 டிகிரி பக்கத்துலதான் ஓடும், ஏசி நின்னா ஜெனரேட்டருக்கு ஓடுவோம். வீட்டுல 30-ஐத் தாண்டினாலே கவனிக்கணும். ஒரு பாட்டில் தண்ணியை ஐஸாக்கி துணி சுத்தி டப்போட ஒரு மூலையில மட்டும் வைங்க. குளிர்ச்சி வேணும்னா வரட்டும், வேணாம்னா விலகட்டும். உடைஞ்ச மண்பானைச் சில்லை நனைச்சு வச்சா அது மேலயே படுத்துக்கும். ஃபேனை நேரா அடிக்க விடாதீங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா, தள்ளாடினா, உடனே வாலையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணியால நனைச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. ஐஸ் தண்ணி வேணாம்.

அந்தச் சிவப்பு ரத்தம் இல்ல. கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பியில இருந்து வர்ற கண்ணீர்லயே சிவப்புச் சாயம் உண்டு, போர்பிரின்னு பேர். அலுப்பு, வெக்கை, பயம் எதுக்கும் கசியும். ஈரத் துணியால துடைச்சு விடுங்க. தும்மல், மூச்சுல கிளிக் கிளிக்னு சத்தம் சேர்ந்து வந்தா அது நுரையீரல் சமாசாரம், மருந்து வேணும். திருநெல்வேலியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கேட்டுப் பாருங்க.

குட்டிங்க இப்பத் தாய் தின்கிறதைக் கொறிக்க ஆரம்பிக்கும். தண்ணி பாட்டில் குழாயை அதுங்க எட்டுற உயரத்துக்கு இறக்குங்க.


நெல்லைப்_புதுசு | மே 16, காலை 11.00

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுப் பரண்ல பழைய மெத்தைக்குள்ள எலி ஆறு குட்டி போட்டிருக்கு. வீட்டு எலிதான். இதையும் இப்படி வளக்கலாமா? பாப்பா கேக்குறா.


பழைய_அனிமல்ஹவுஸ் | மே 16, காலை 11.40

வேணாம் தம்பி. அது வேற விஷயம். வெளி எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில சின்ன வெட்டு இருந்தாலே போதும். பாப்பாவைப் பரண் பக்கம் விடாதீங்க. நீங்களும் கையுறை போட்டுக்கிட்டு, அந்த இடத்தை பிளீச்சிங் தண்ணி தெளிச்சு நனைச்சுட்டுத் துடைங்க. காஞ்ச புழுக்கையை விளக்குமாறால கூட்டித் தூசி கிளப்பாதீங்க. மெத்தையோட வெளிய, தாய் வந்து தூக்கிட்டுப் போற மாதிரி நிழலான இடத்துல ஒரு ராத்திரி வச்சுடுங்க. கையால பால் ஊத்தி வளர்க்கிறது முதல் வாரத்துல ரெண்டு மணிக்கொரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ஒரு சொட்டு அதிகமானா நேரா நுரையீரலுக்குப் போகும். 27 வருஷத்துல நான் அப்படி முயற்சி பண்ணித் தேறினது மூணே மூணு. எங்ககிட்ட அநாதைக் குட்டி வந்தா, அதே நாள்ல குட்டி போட்ட இன்னொரு தாய்கிட்ட சேர்த்துடுவோம். அவ எண்ணிப் பாக்க மாட்டா.


தெப்பக்குளத்துக்காரி | மே 29, காலை 8.30

காலண்டர்ல போட்ட பென்சில் கோடு நேத்தோட முடிஞ்சது. குட்டி இல்ல! தினம் காலைல எந்திரிச்சதும் முதல் வேலை பஞ்சு வயித்தைப் பாக்குறதா இருந்துச்சு. பால் மறந்து இளைச்சுப்போய் இருக்கா. முட்டையை நிறுத்தலாமா சார்?


பழைய_அனிமல்ஹவுஸ் | மே 29, காலை 9.05

இன்னும் ஒரு வாரம் குடுங்க. உடம்பு தேறட்டும்.


ஸ்காபரோ_அம்மம்மா | மே 30, காலை 5.50

கடுகு எப்பிடி இருக்கிறா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே தங்கச்சி?


தெப்பக்குளத்துக்காரி | ஜூன் 1, இரவு 9.00

கடுகு 84 கிராம் அக்கா. மத்த அஞ்சு பொண்ணுங்களும் நூறைத் தாண்டியாச்சு. சின்னவதான், ஆனா முட்டையைப் பிடுங்குறதுல முதல் ஆள்.

நேத்து நாலு பையனையும் பிரிச்சுக் கருப்பட்டிகிட்ட விட்டோம். முதல்ல ஒவ்வொருத்தனையும் மல்லாக்கத் தள்ளி மோந்து பாத்தான். அரை மணி நேரத்துல அஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணாத் தூங்குச்சு. ஒரு மாசமா சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தவன், அடியில நசுங்கிக்கிட்டே படுத்திருந்தான்.

கொடுக்கிறதுக்கு ஆள்: பையனோட டியூஷன் மிஸ் ரெண்டு பொண்ணு எடுத்துக்குறாங்க. இவர் ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு பையன் கேட்டிருக்கார், வீட்டுல பாம்போ பெரிய மீனோ இருக்கான்னு பையனே போன்ல குறுக்கு விசாரணை பண்ணிட்டான். பாக்கி பொண்ணு நாலு, பையன் ரெண்டு, அம்மா, அப்பா எங்ககிட்டயே. மாமியார்தான் சொன்னாங்க, இருந்துட்டுப் போகட்டும், ரெண்டு மூணு வருஷந்தானே ஆயுசுன்னு. அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு தெரியல, இந்தத் திரியைப் பேரன் படிச்சுக் காட்டுறான்னு சந்தேகம்.

இன்னிக்கு இன்னொரு தண்ணி பாட்டில் வாங்க அதே கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னாடி ஒரு அப்பாவும் சின்னப் பொண்ணும் ரெண்டு எலி வாங்கிக்கிட்டு இருந்தாங்க. கடைக்காரர், "ரெண்டும் பொண்ணுதான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என் பையன் அட்டைப் பெட்டிக்குள்ள கையை விட்டான். ஒண்ணை எடுத்து உள்ளங்கையில மல்லாத்தினான், வாலை விரலால ஒதுக்கினான், இன்னொண்ணையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தான்.

"அண்ணே, இது பையன்."

கடைக்காரர் மேஜை டிராயரைத் தொறந்து கண்ணாடியைத் தேட ஆரம்பிச்சார்.